சும்மா கிடக்கும் வயர்

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு இராசமலர் மூன்றாம் கொட்டிலின் பின்வாசலால் நுழைந்து, சுவரில் அடித்திருக்கும் செம்மஞ்சள் நிறப் பெட்டியிலிருந்து ஒரு வயரைக் கழற்றிவிடுகிறார். கழற்றிய முனையைத் தரையில் போடுவதில்லை. தூசு படாமல் ஆணியில் கொளுவிவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் குசினிக்கு நடக்கிறார். அங்கே சமையல் செய்யும் ராக்காயி ஊற்றி வைத்திருக்கும் பிளேன்ரீயை எடுத்து, தகரப் பேணியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நிற்கிறார். குடிப்பதில்லை. கொட்டில்களின் பக்கம் காதைக் கொடுத்தபடி நிற்கிறார். பெயர் கூப்பிடும் குரலும், கணினி விசைகளைத் தட்டும் ஓசையும், அச்சுப்பொறி இழுக்கும் சத்தமும் எப்போதும்போல் வந்துகொண்டிருக்கின்றன. "அக்கா, நிண்டு போச்சு" என்று எந்தக் கொட்டிலிலிருந்தும் ஒருவரும் கத்தவில்லை. அதன் பிறகுதான் கையை எடுக்கிறார். தேநீரை ஒரே இழுப்பில் குடித்துவிட்டுப் போய், கழற்றிய வயரைத் திரும்பக் கொளுவுகிறார்.

"அவங்களா ஒண்ணைப் புடுங்குவாங்க, அவங்களா வந்து பேணியைப் பொத்திக்கிட்டு நிப்பாங்க. பேயோட்டுறவங்க கூட இவ்வளவு நேரம் நிக்கமாட்டாங்க" என்பார் ராக்காயி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழுக் கலவரத்தில் பெற்றோரோடு வன்னிக்கு வந்தவர் அவர். பேச்சில் இன்னும் மலைக்காற்று இருக்கிறது.

இராசமலரைக் கேட்டால் ஒரே வசனம்தான்: "சத்தம் இல்லாட்டில் சுகம்."

இந்த வளவு புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் பக்கம் போகும் வீதியில் இருக்கிறது. கடல்கோள் வந்துபோன சில வாரங்களில் ஒரு தொண்டு நிறுவனம் காட்டை வெட்டி எழுப்பியது. நடுவில் ஒரு பாலைமரம். அதைச் சுற்றி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஆறு கொட்டில்கள். கரையோரத்துச் சனம் குடும்ப அட்டைக்கும், தொலைந்த பத்திரங்களுக்கும், வீட்டுப் பட்டியலுக்கும் இங்கேதான் வருகிறது. எல்லாப் பெயர்களும் முதலாம் கொட்டிலில் உள்ள பெரிய கணினியில் இருக்கின்றன. மற்ற ஐந்து கொட்டில்களில் இருப்பவர்கள் அங்கிருந்துதான் பெயரை எடுக்க வேண்டும். வயர் அறுந்தால் பெயர் வராது. பெயர் வராவிட்டால், வந்தவர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். ஒவ்வொரு கொட்டிலிலும் வயர்களைச் சேர்த்து, வருவதை அடுத்த கொட்டிலுக்குக் கடத்திவிடும் ஒரு பெட்டி உண்டு. அந்த வயர்களுக்கும் பெட்டிகளுக்கும் பொறுப்பானவர் இராசமலர்.

வயது நாற்பத்தொன்று. முழங்கால் தாண்டிய பாவாடைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். ஏணியில் ஏறுவதற்கு அதுதான் வசதி. குடைக்குள் எப்போதும் ஒரு குறடு இருக்கும். மழை வந்து குடையை விரித்தால் குறடு விழும், குனிந்து எடுப்பார், அடுத்த மழைக்கும் அங்கேயே வைப்பார். பெட்டிகளை ஆட்களைப்போல இலக்கம் சொல்லித்தான் கூப்பிடுவார். "நாலுக்கு இண்டைக்கு முகம் சரியில்லை." "ஆறு நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் தராது." காலையில் வளவை ஒரு முறை சுற்றி முடிக்கும்வரை எதிரே வருபவர்களுக்கு வணக்கம் வைப்பதில்லை. சிலர் இதைத் தலைக்கனம் என்று நினைத்தார்கள். எண்ணிக்கொண்டு நடக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த எண்ணலுக்கு ஒரு காரணம் உண்டு. முதலில் கொட்டில்களை அவர் வரிசையாகத்தான் இணைத்திருந்தார். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, அப்படியே ஆறு வரைக்கும். பங்குனி மாதம் ஒரு மத்தியானம் இடி விழுந்து மூன்றாம் கொட்டிலின் பெட்டி எரிந்தது. எரிந்தது ஒன்று, செத்தவை நான்கு. மூன்றுக்கு அங்கால் இருந்த நாலு, ஐந்து, ஆறு எல்லாம் முதலாம் கொட்டிலோடு தொடர்பு இல்லாமல் போயின. இரண்டிலிருந்து நேராக நாலுக்கு இழுக்கலாமா என்று பார்த்தார். தூரம் நூறு மீற்றரைத் தாண்டியது. அவ்வளவு தூரத்துக்கு இந்த வயரில் கதை போய்ச் சேராது. வவுனியாவிலிருந்து வேறு பெட்டி வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கணபதி என்ற கடற்றொழிலாளி, காய்ச்சலில் கிடந்த மகளோடு பாலைமரத்தின் கீழ் இருந்தார். மூன்றாம் நாள் பெட்டி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அந்த மாதத்து அரிசி அவருடைய வீட்டுக்குப் போகவில்லை. இதை இராசமலருக்கு யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. பதிவேட்டில் கணபதியின் பெயருக்கு எதிரே இருந்த வெறும் கட்டத்தை அவரே போய்ப் பார்த்தார்.

ஆனியில் வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் கழற்றிய பழைய பெட்டிகள் ஆறு நன்கொடையாக வந்தன. தூசுக்கும் சூட்டுக்கும் தாங்கக்கூடிய செம்மஞ்சள் பெட்டிகள். கூட வந்த புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது. இராசமலர் படங்களைப் பார்த்தார். ஒரு படத்தில் பெட்டிகள் வரிசையாக இல்லை, வட்டமாக இருந்தன. அவர் ஆறிலிருந்து குசினியின் பின்பக்கத்தால் எண்பது மீற்றர் வயரை இழுத்து, வேலியின் பூவரசங் கதியால்களில் கட்டி, முதலாம் கொட்டிலில் கொண்டுவந்து முடித்தார். வட்டம் பொருந்தியது. பொருந்திய அதே நிமிடத்தில் வளவு முழுவதும் நின்றது. ஆறு பெட்டிகளின் விளக்குகளும் இமைக்காமல் எரிந்தன.

படத்தைத் திரும்பப் பார்த்தபோது, வட்டத்தில் ஓரிடத்தில் சின்னக் கோடு ஒன்று குறுக்கே போட்டிருந்தது தெரிந்தது. அந்தக் கோட்டின் பொருளை விளங்கிக்கொள்ள அவருக்கு மூன்று நாள் பிடித்தது. விளங்கிய பிறகு மேனுகாவுக்கு இப்படிச் சொன்னார். மேனுகா முதலாம் கொட்டிலில் பெரிய கணினியைப் பார்த்துக்கொள்ளும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை.

"ஆறு பேர் வட்டமாய் இருக்கினம் எண்டு வை. நான் உனக்கு ஒரு கதை சொல்லுறன், நீ பக்கத்து ஆளுக்குச் சொல்லுறாய். வட்டம் முழுக்க அடைச்சிருந்தால் அந்தக் கதை சுத்தி என்னட்டையே வரும். நான் திரும்ப உனக்குச் சொல்லுவன். நிப்பாட்ட ஆளில்லை. ஒரு கதை நூறாகி, எல்லாற்றை வாயும் அதிலேயே அடைச்சுப் போகும்."

"அப்ப வட்டத்தை வெட்டவேணுமே அக்கா?"

"வெட்டக்கூடாது. ஒராள் ஒரு பக்கத்துக் காதைப் பொத்திக்கொண்டு இருக்கவேணும். இந்த முதலாம் பெட்டிதான் அந்த ஆள். ஆறிலை இருந்து வாற வயரிலை இவர் கதை கேக்கமாட்டார். ஆனால் இடைக்கிடை மற்றப் பக்கத்தாலை ஒரு துண்டுக் கடதாசி அனுப்புறமாதிரி அனுப்புவார், சுகமோ எண்டு. அது இரண்டு, மூண்டு, நாலு எண்டு சுத்திக்கொண்டு இந்தப் பொத்தின பக்கத்தாலை வந்து சேரவேணும். வந்தால் வட்டம் சரி. பொத்தினபடியே இருப்பார். வரேல்லை எண்டால் எங்கேயோ அறுந்துபோச்சு. உடனே கையை எடுத்திடுவார். அரை விநாடி போகாது. சனத்துக்குத் தெரியவே வராது."

"அறுந்ததைக் கட்டினால்?"

"துண்டு திரும்ப வரத் தொடங்கும். இவரும் திரும்பப் பொத்துவார். கதை முடிஞ்சுது."

முதலாம் பெட்டியில் இதற்கென்று ஒரு சின்ன விளக்கு உண்டு. துண்டு வந்து சேர்ந்துகொண்டிருக்கும்வரை பச்சை. சேராவிட்டால் மஞ்சளாகி மினுங்கும். ஆனால் இராசமலர் விளக்கை முழுதாக நம்புகிறவர் அல்லர். பச்சை எரிகிறது என்பதற்காக, கையை எடுக்கவேண்டிய நேரத்தில் பெட்டி எடுக்கும் என்று நிச்சயமில்லை. ஒன்றைக் கழற்றிப் பார்த்தால்தான் நிச்சயம். திங்கட்கிழமைப் பேணி அப்படித்தான் வந்தது.

எல்லாம் சரி. ஆனால் குசினிக்குப் பின்னால் தொங்கிய அந்த எண்பது மீற்றர் வயர் பொறுப்பாளர் பரமலிங்கத்தின் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது. பரமலிங்கத்தின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முத்தையன்கட்டில் வயல் செய்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் அவர் ஒரு கூட்டுறவுக் களஞ்சியத்தைப் பார்த்தவர். வளைந்த ஆணியை நிமிர்த்தி வைப்பார். கடித உறையைப் பிரித்து உட்பக்கத்தில் எழுதுவார். சவர்க்காரத் துண்டுகளைச் சேர்த்து உருட்டிப் புதுக் கட்டியாக்குவார். அவரைக் கேலி செய்ய வளவில் ஒருவருக்கும் வாய் வருவதில்லை. அந்த ஆண்டுகளை எல்லாரும்தான் தாண்டினார்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தவர்கள். இராசமலரே சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர். ஒரு பொருள் வேலையில்லாமல் கிடப்பதைப் பார்த்தால் வன்னியில் யாருக்கும் கை பரபரக்கும். அவருக்கும் பரபரக்கும். அவர் வேண்டுமென்று சும்மா விட்டிருந்த ஒரே பொருள் அந்த வயர்தான்.

"பிள்ளை, உந்த வயராலை ஒரு கதையும் போறேல்லை எண்டு நீர்தானே சொன்னீர்" என்று பரமலிங்கம் ஆவணியிலேயே தொடங்கிவிட்டார்.

"ஓம் ஐயா, சும்மா இருக்கிற நேரம் போகாது."

"சும்மா இல்லாத நேரம் எப்ப வரும்?"

"வரக்கூடாது எண்டுதான் பாக்கிறன்."

"அப்ப வரக்கூடாத நேரத்துக்கு எண்பது மீற்றர்." பரமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓமந்தைச் சோதனைச்சாவடியிலை ரண்டு பக்கமும் கடிதம் குடுத்து, ஒன்றரை மாசம் பாத்திருந்து எடுத்த வயர் பிள்ளை."

இந்தக் கதை மாதத்துக்கு ஒரு தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் வயர் தப்பியது.

கார்த்திகை மாதத்தில் மாங்குளத்தில் அக்காவின் மகள் வயதுக்கு வந்து, சாமத்தியவீடு வைத்தார்கள். இராசமலர் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் லீவு எடுத்துப் போனார். வெள்ளிக்கிழமை காலை மழை கொட்டியது. ஆறாம் கொட்டிலுக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்களுக்கு மேலே கட்டியிருந்த தறப்பாள் காற்றில் கழன்று, ஒரு பக்கம் அடித்துக்கொண்டு பறந்தது. கைக்குழந்தைகள் நனைந்தன. காவல்காரர் ஏரம்பு கயிறு தேடி ஓடினார். கயிறு இல்லை. குசினியின் பின்னால் பார்த்தார். ஒரு பயனும் இல்லை என்று பொறுப்பாளரே சொல்லிக்கொண்டிருந்த வயர் கதியாலில் தொங்கியது. நாலு துண்டாக வெட்டினார். மூன்று துண்டு தறப்பாளின் மூலைகளுக்குப் போயிற்று. நாலாவதை, வாளிக்கயிறு இற்றுப்போயிற்று என்று நச்சரித்துக்கொண்டிருந்த ராக்காயிக்குக் கொடுத்தார். தறப்பாள் நின்றது, குழந்தைகள் காய்ந்தன. பரமலிங்கம் எல்லாருக்கும் முன்னால் ஏரம்புவின் தோளில் தட்டினார்.

வளவில் எந்த வேலையும் நிற்கவில்லை. முதலாம் கொட்டிலில் மட்டும் பெட்டியின் பச்சை விளக்கு மஞ்சளாகி மினுங்கத் தொடங்கியது. மேனுகா இரண்டு மணித்தியாலம் பொறுத்தாள். பிறகு நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை இராசமலர் வழக்கம்போலப் பின்வாசலால் வந்தார். மூன்றில் வயரைக் கழற்றினார். ஆணியில் கொளுவினார். குசினிக்கு வந்து பேணியைப் பொத்தினார். உள்ளங்கையில் சூடு ஏறுவதற்குள் மூன்றாம் கொட்டிலிலிருந்து ஒரு குரல்: "அக்கா, நிண்டு போச்சு." பிறகு நாலிலிருந்து. ஐந்திலும் ஆறிலும் ஆட்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர் பேணியை வைத்துவிட்டு ஓடினார். வயரைக் கொளுவியதும் எல்லாம் திரும்ப வந்தது. அதன் பிறகு குசினிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். கதியால்களில் வயர் இல்லை. அதைக் கட்டியிருந்த நார்கள் மட்டும் இருந்தன.

முதலாம் கொட்டிலுக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தபோது, விளக்கு இருந்த இடத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று இருந்தது.

"கண்ணைக் குத்திச்சுது அக்கா" என்றாள் மேனுகா. "வேலை எல்லாம் வடிவாய்த்தான் நடந்தது."

பரமலிங்கமும் அதையேதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது.

"வெள்ளிக்கிழமை வெட்டினது. வெள்ளி, சனி, ஞாயிறு. மூண்டு நாள் பிள்ளை. ஏதேன் நிண்டதோ?"

"இல்லை ஐயா."

"இண்டைக்கு நிண்டது. ஏன் நிண்டது?"

"நான் மூண்டிலை கழட்டினனான்."

"அப்ப நிப்பாட்டினது ஆர்? ஏரம்புவோ, நீரோ?"

வாசலில் நின்ற ஏரம்பு நிலத்தைப் பார்த்தார். இராசமலர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"நான் கழட்டினால் திரும்பக் கொளுவுவன் ஐயா. மரக்கொப்பு விழுந்தால் அது கொளுவுமோ? வியாழக்கிழமை வீட்டுப் பட்டியல். அறுநூறு குடும்பம் வருது. அண்டைக்குத் திரையிலை பேர் பாத்துக் கைநாட்டு வைக்காதவைக்கு அடுத்த பட்டியல் தைக்குப் பிறகு."

"வியாழன் முடியுமட்டும் நீர் ஒண்டையும் கழட்டாமல் இருந்தால் ஒரு குறையும் வராது." பரமலிங்கம் ஒரு கடித உறையைப் பிரித்து மேசையில் தடவி நிமிர்த்தினார். கதை முடிந்ததற்கு அதுதான் அடையாளம். ஆனால் இராசமலர் எழும்பவில்லை.

"தறப்பாள் விழாமல், புதுச் சாமான் ஒண்டும் கேக்காமல், நான் அந்த வயரைத் திரும்பக் கட்டினால்?"

அவர் உறையிலிருந்து தலை தூக்கினார். "ஒண்டும் கேக்காமலோ?"

"ஒரு ஆணிகூட."

"பிறகேன் என்னட்டைக் கேக்கிறீர்" என்றார் பரமலிங்கம்.

செவ்வாய்க்கிழமை இராசமலர் சைக்கிள் கரியரில் தும்புக்கயிற்றோடு வந்தார். பாதி அவருடைய வீட்டுக் கிணற்றுக் கயிறு, மீதி ஆட்டைக் கட்டியிருந்த கயிறு. ஆடு அன்றைக்கு அக்கம்பக்கத்து மரவள்ளியை மேய்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டார். ஏரம்புவே தறப்பாளில் ஏறிக் கயிற்றை மாற்றிக் கட்டி, வயர்த் துண்டுகளை அவிழ்த்துக் கொடுத்தார். குசினித் துண்டுதான் கரைச்சல் பட்டது.

"குடுக்கமாட்டேங்க" என்றார் ராக்காயி. "இது வழுக்கவே மாட்டேங்குது. ரெண்டு வாளி சேத்து இழுத்தாலும் தாங்குது."

"இது இல்லாட்டில் வியாழக்கிழமை சனம் சும்மா திரும்பிப் போகும் ராக்காயி."

"வெள்ளிக்கிழமை போகலியே?"

இராசமலருக்குச் சிரிப்பு வந்தது. பொறுப்பாளரின் கேள்வியே குசினிக்கும் வந்துவிட்டது. அவர் மீதியிருந்த கயிற்றை எடுத்து வாளியில் முடிந்து, கிணற்றில் விட்டு, நிறைத் தண்ணீரோடு இழுத்து ராக்காயியின் காலடியில் வைத்தார். ராக்காயி முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வயரை நீட்டினார்.

புதன்கிழமை பின்னேரம் மழை விட்டிருந்தது. இராசமலரும் ஏரம்புவும் குசினியின் பின்தாழ்வாரத்தில் சாக்கு விரித்து இருந்தார்கள். நாலு துண்டை ஒரு வயராக்க மூன்று மூட்டு வேண்டும். இராசமலர் வயரின் தோலை நகத்தால் கீறி உரித்தார். உள்ளே எட்டு இழைகள், இரண்டிரண்டாகப் பின்னியபடி.

"எட்டையும் முறுக்கிறதோ தங்கச்சி? இருண்டுபோகும்" என்றார் ஏரம்பு.

"நாலு போதும் அண்ணை. செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி. நீலத்திலையும் மண்ணிறத்திலையும் இந்தப் பெட்டி ஒண்டும் அனுப்பிறேல்லை."

ஏரம்பு வயரை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "அப்ப இதுக்குள்ளையும் நாலு சும்மாதான் கிடக்கோ?"

"ஓம்."

"ஐயாவுக்குச் சொல்லிப்போடாதை. உரிச்சு எடுப்பிச்சுப் போடுவார்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஏரம்பு, கையிலிருந்த துண்டைத் தடவிக்கொண்டே, "எனக்குத் தெரியாது தங்கச்சி. பிள்ளையள் நனைஞ்சுதுகள்" என்றார்.

"தெரியும் அண்ணை. இறுக்கிப் பிடியுங்கோ."

அவர் முறுக்கினார். பின்னல் அதிகம் அவிழாமல், நிறம் மாறாமல், ஒவ்வோர் இழையாக முறுக்கி, சைக்கிள் ரியூப் றப்பரை நாடாவாகக் கீறிச் சுற்றினார். கதியால்களில் கட்டி முதலாம் பெட்டியில் கொளுவியபோது, வயருக்குரிய விளக்கே எரியவில்லை. திரும்ப நடந்து வந்து மூட்டுகளைப் பிரித்தார். இரண்டாவது மூட்டில் பச்சையும் வெள்ளைப்பச்சையும் இடம் மாறியிருந்தன. மாற்றி முறுக்கினார். இந்தத் தடவை எரிந்தது. பக்கத்தில் மினுங்கிக்கொண்டிருந்த மஞ்சள் ஒரு கணம் அணைந்து பச்சையாயிற்று. பொட்டு அதற்கு முன்பே மேனுகாவின் நெற்றிக்குத் திரும்பிவிட்டிருந்தது.

கழற்றிப் பார்க்க நேரமில்லை. கழற்றக்கூடாது என்று சொல்லியும் இருந்தது. அவரிடம் இருந்தது ஒரு பச்சை விளக்கு மட்டும்.

வியாழக்கிழமை விடியவே வளவு நிறைந்துவிட்டது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ்ஸிலும் லொறியிலும் வந்த சனம் பாலைமரத்தைச் சுற்றி இருந்தது. ஐந்தாம் கொட்டிலில் இலக்கத்தின்படி பெயர் கூப்பிட்டார்கள். வரிசையில் கணபதியும் நின்றார். மகளை இம்முறை தூக்கி வரவில்லை, கையில் பிடித்திருந்தார். இராசமலர் அவரைக் கண்டு, கண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் இரண்டு தடவை அந்தப் பக்கமாக நடந்தார். பத்து மணிக்கு ராக்காயி வற்புறுத்தித்தான் குசினிக்கு வந்தார்.

கூரைத் தகரம் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று அந்த நேரம் வளவுக்குள் வந்து, திரும்ப இடமில்லாமல் பின்னுக்கு எடுத்தது. இழுவைப்பெட்டியில் அடுக்கியிருந்த மேல்தகரத்தின் விளிம்பு, இரண்டாம் மூன்றாம் கொட்டில்களுக்கு இடையே போன வயரில் கொளுவியது. வயர் விண்ணென்று இழுபட்டது. ஏரம்பு "நில், நில்" என்று கையைக் காட்டிக்கொண்டு ஓடினார். சாரதிக்குக் கேட்கவில்லை. வயர் அறுந்து சேற்றில் விழுந்தது.

இராசமலர் குசினியின் அரைச்சுவருக்கு மேலால் அதைப் பார்த்தார். பேணி கையில் இருந்தது. மறு உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்தினார்.

ராக்காயி அடுப்பிலிருந்த கேத்தலை இறக்கி வைத்தார்.

மூன்றாம் கொட்டிலில் யாரோ இருமினார்கள். நாலில் கதிரை இழுபடும் சத்தம். ஐந்தில் அச்சுப்பொறி பாதி வரியில் நின்றது. இராசமலரின் விரல்கள் பேணியை இறுக்கின. உள்ளே ஒருவர், "கடதாசி முடிஞ்சுது, மற்றக் கட்டை எடும்" என்றார். கடதாசி கிழிபடும் சத்தம். பிறகு அச்சுப்பொறி விட்ட இடத்திலிருந்து இழுக்கத் தொடங்கியது.

"நூற்றி எண்பத்தாறு. கணபதி."

"ஓம், ஓம், இஞ்சை நிக்கிறன்."

"இந்தப் பேர்தானே? வடிவாய்ப் பாருங்கோ. பெருவிரலைத் தாங்கோ."

இராசமலர் கையை எடுக்கவில்லை. நூற்றி எண்பத்தேழு, நூற்றி எண்பத்தெட்டு என்று குரல் போய்க்கொண்டிருந்தது. கணபதி மை பட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி, மற்றக் கையில் மகளும் கடதாசியுமாக வெளியே வந்தார். மகள் சேற்றில் கிடந்த வயரைத் தாண்டிக் குதித்தாள்.

பரமலிங்கம் குடையோடு வாசலுக்கு வந்தார். வயரைப் பார்த்தார். நின்று, கொட்டில்களின் பக்கம் காது கொடுத்தார். எல்லாம் வழமைபோல நடந்துகொண்டிருந்தது.

"பாத்தியே ஏரம்பு" என்றார். "உதுவும் சும்மாதான் கிடந்திருக்கு. சேறு படாமல் சுருட்டி வை, ஏதேனுமொண்டுக்கு உதவும்."

ஏரம்பு குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வயரின் அறுந்த முனையைத் தூக்கி, சட்டையில் துடைத்து, பாலைமரத்தின் தாழ்ந்த கொப்பில் கொளுவிவிட்டு அதன் கீழேயே நின்றுகொண்டார்.

இராசமலர் உள்ளங்கையை எடுத்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது. நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார்.